டி.பி. திட்டத்தை மதிப்பிட வருகிறவர்கள் பதிவேட்டில் ஏறாதவர்களையும் தேட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று ஒரு குழு வந்து மதிப்பீடு செய்ததையும், சிகிச்சை வெற்றி விகிதம் இலக்கைத் தாண்டிவிட்டது என்று பாராட்டிவிட்டுப் போனதையும் உங்கள் நாளிதழில் படித்தேன். அங்கே வேலை செய்கிறவர்களில் பலரை எனக்குத் தெரியும். உண்மையாகவே உழைக்கிறார்கள், அந்தப் பாராட்டு அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் செய்தி முழுவதும் தேடிப் பார்த்தாலும் வெற்றி விகிதம் என்ற ஒரே ஒரு எண்தான் கிடைக்கிறது. இதே திட்டத்தில் எஸ்.டி.எஸ். என்று கூப்பிடுவார்களே, அந்த முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு எண்ணை வைத்து ஒரு மருத்துவமனையின் டி.பி. வேலையை எடைபோட முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு முழுவதும் வெளியிடுங்கள்.

வெற்றி விகிதம் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சிகிச்சைப் பதிவேட்டில் (இப்போது நிக்ஷய் கணினிப் பதிவில்) ஏறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் குணமடைந்தவர்களும் சிகிச்சையை முழுதாக முடித்தவர்களும் சேர்த்து எத்தனை பேர், அதன் சதவீதம்தான் அது. 1991-ல் உலக சுகாதாரப் பேரவை 85 சதவீதம் என்று ஒரு இலக்கு வைத்தது, அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்த எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள். இலக்கில் தப்பில்லை. பாதி மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு நிறுத்துகிறவர்களால்தான் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. பெருகுகிறது, அதனால் ஆரம்பித்தவர்களை முடிக்க வைப்பது ரொம்ப முக்கியம். ஆனால் இந்தக் கணக்கு பதிவேட்டில் பெயர் ஏறும் இடத்தில்தான் தொடங்குகிறது. சளியில் கிருமி இருக்கிறது என்று லேப் எழுதிக் கொடுத்த பிறகும் முதல் மாத்திரையைக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டவர் இதில் வரவே மாட்டார். ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டி.பி.யில் யாரும் வேண்டுமென்று யாரையும் வெளியே அனுப்புவதில்லை, அவர்களாகவே நழுவிப் போகிறார்கள், ஆனால் சதவீதத்தில் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

எப்படி நழுவுகிறார்கள் என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் நடப்பது இப்படி. பக்கத்து மாவட்டத்தில் இருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். ஓ.பி.யில் டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதுகிறார், சளி கொடுக்கிறார், ரிசல்ட் வருவதற்குள் ஓ.பி. முடிந்துவிடுகிறது. நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள். நாளைக்கு வந்தால் இன்னொரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. வந்தவர்களிடமும், நீங்கள் இந்தப் பக்கம் இல்லையே, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டோடு ஆஸ்பத்திரியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது, ஆள் வீட்டில் இருக்கிறார், அவர் வரப்போகிறார் என்பதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. 2012-ல் நிக்ஷய் வந்த பிறகு இது எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை, இங்கே பெயரை ஏற்றினால் அங்கே தெரியும். ஆனால் கணினியில் டிரான்ஸ்ஃபர் போட்டதும் அந்த மனிதர் மாத்திரையை விழுங்க ஆரம்பித்ததும் ஒன்றல்லவே. அவர் கொடுத்த செல்போன் எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், அல்லது ரீசார்ஜ் போடாமல் கிடக்கும். எங்கள் பக்கம் மில்லிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் மேஸ்திரியின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். ரிசல்ட்டைச் சொல்ல நாம் கூப்பிடும்போது, அந்தப் பையன் வேறு சைட்டுக்குப் போய்விட்டான் சார் என்பார் மேஸ்திரி. அந்தப் பையன் எந்த மாவட்டத்துக் கணக்கிலும் இல்லை. இருமிக்கொண்டே எட்டுப் பேரோடு ஒரு ரூமில் படுத்திருப்பான்.

இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. லேப் பதிவேட்டை ஒரு பக்கம், சிகிச்சைப் பதிவை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துப் பாசிட்டிவ் பெயர்களை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். டிக் விழாத பெயர்தான் நாம் தேடுகிற ஆள். உட்கார்ந்து செய்தால் ஒரு நாள் வேலை. மதிப்பீட்டுக்கு வருகிற குழு முதலில் இதைச் செய்திருக்க வேண்டும். செய்தார்களா என்று செய்தியில் இல்லை. டிக் விழாதவர்களில் எத்தனை பேர் இறந்துவிட்டார்கள், எத்தனை பேர் தனியாரிடம் போனார்கள், எத்தனை பேர் எங்கே என்றே தெரியவில்லை என்று பிரித்துச் சொன்னால் அதுதான் மதிப்பீடு.

இது என் சொந்த ஆதங்கம் மட்டும் இல்லை. இந்தியாவின் அரசுத் துறை டி.பி. சிகிச்சையை நோய் வந்த இடத்தில் இருந்து கடைசி வரை படிப்படியாகக் கணக்கிட்ட ஒரு ஆய்வு 2016-ல் வெளியானது. அது எடுத்துக்கொண்டது 2013-ஆம் ஆண்டு நிலவரத்தை. அந்தக் கணக்கின்படி டி.பி. இருந்தவர்கள் நூறு பேர் என்றால், நோய் கண்டறியப்பட்டு, சிகிச்சை முடித்து, அதன் பிறகு ஒரு வருடம் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 39 பேர்தான். அதே காலத்தில் பதிவேட்டை வைத்துப் போட்ட வெற்றி விகிதத்தைப் பார்த்தால் திட்டம் பிரமாதமாக நடப்பதுபோலத்தான் தெரியும். இரண்டு எண்ணும் பொய்யில்லை, எங்கே இருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் இத்தனை வித்தியாசம். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கும் ட்ரூநாட் கருவி வந்தது, வாரத்துக்கு மூன்று நாள் என்று இருந்த மாத்திரை தினசரி என்று ஆனது, நோயாளியின் சாப்பாட்டுக்கான பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாறியிருக்கிறது என்றால் அதையும் நூறு பேரில் இருந்து தொடங்கி எண்ணிக் காட்டட்டும், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது இறப்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறு மாத சிகிச்சையில் நடக்கும் சாவுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் உடம்பு தாங்காமல் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநில காசநோய்ப் பிரிவும் சேர்ந்து கொண்டுவந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நோய் உறுதியானவுடன் ஒரு நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ அங்கேயே நின்று பார்த்து முடித்துவிடக்கூடிய சில சோதனைகள்தான். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மூச்சு 24-க்கு மேலே போனாலோ, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் 14-க்கு மேல் இல்லை என்றாலோ, நிற்கவே முடியவில்லை என்றாலோ அவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அட்மிட் செய்ய வேண்டும். பி.எம்.ஐ. 14 என்றால் பலருக்குப் புரியாது. ஐந்தடி நாலு அங்குலம் உயரமுள்ள ஒரு ஆண் 36 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார். அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடந்து வந்துதான் மாத்திரை வாங்குவார்கள். நடக்கிறாரே, பேசுகிறாரே என்று நாமும் கொடுத்து அனுப்பிவிடுவோம். அடுத்த முறை போனால் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும்.

இந்தத் திட்டம் ஒரு மருத்துவமனையில் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனைகளை எழுதும் நோயாளி அட்டைகளை எடுத்து மூச்சு எண்ணிக்கை எழுதிய இடத்தை மட்டும் வரிசையாகப் பாருங்கள். எல்லா அட்டையிலும் 18, 20, 18, 20 என்றே இருந்தால் யாரும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணவில்லை என்று அர்த்தம். உண்மையாக எண்ணினால் 17 வரும், 23 வரும், 31 வரும். உயரம் எழுதும் இடம் காலியாக இருந்தால் பி.எம்.ஐ. எப்படி வந்தது என்று கேளுங்கள். எழுந்து நிற்க முடியாத நோயாளிக்கு உயரம் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், அட்மிட் செய்யச் சொன்னவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே அட்மிட் ஆனார்கள், எத்தனை நாள் இருந்தார்கள், படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் உண்டா, துணைக்கு ஆள் இல்லாததால் தானாகவே கிளம்பிப் போனவர் உண்டா என்று கேட்க வேண்டும். ஏனென்றால் டி.பி. வார்டில் துணைக்கு இருக்கப் பல வீடுகளில் ஆளே வருவதில்லை. தனியாக இருக்கும் வயதானவர், குடிப்பழக்கம் இருப்பவர், குடும்பத்தில் இருந்து ஒதுக்கப்பட்டவர், இவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். ஒரு வருடத்தில் இறந்த ஒவ்வொருவரின் கதையையும் எடுத்து, முதல் இருமல் எப்போது, எந்தெந்த டாக்டரிடம் போனார், மாத்திரை என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனையாவது நாளில் இறந்தார் என்று எழுதி வைத்தாலே அந்த மருத்துவமனை எந்த இடத்தில் தவறுகிறது என்று தெரிந்துவிடும். அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள். இறந்த பிறகு நம்மிடம் யாராவது வந்து கேட்கிறார்களே என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்வார்கள்.

வெற்றி என்று கூட்டிச் சொல்வதற்குள்ளேயும் இரண்டு விதம் உண்டு. குணமடைந்தார் என்று எழுத வேண்டுமானால் கடைசியில் சளியைப் பார்த்துக் கிருமி இல்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும். சிகிச்சை முடித்தார் என்றால் மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டார், கடைசிச் சளிப் பரிசோதனை இல்லை என்று பொருள். ஆரம்பத்தில் சளியில் கிருமி இருந்தவர்களில் முடித்தார் என்ற பட்டியல் நீண்டுகொண்டே போனால், நடுவிலும் கடைசியிலும் பார்க்க வேண்டிய சளியை யாரும் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க ட்ரூநாட், சிபிநாட் போன்ற கருவிகள் வந்தது பெரிய நன்மை, டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறது. ஆனால் சிகிச்சையில் இருப்பவருக்கு முன்னேற்றம் தெரிய அதைப் பயன்படுத்தக் கூடாது, செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது பிடித்துக்கொள்ளும். அதற்குப் பழைய மைக்ராஸ்கோப்தான் வேண்டும், ஸ்லைடு தேய்த்து, சாயம் போட்டு, கண்ணை வைத்துப் பார்க்கிற லேப் டெக்னீஷியன் வேண்டும். அந்தப் பணியிடம் காலியாக இருக்கிறதா, ஒருவரையே மூன்று இடத்துக்குப் போகச் சொல்கிறார்களா என்று மதிப்பீட்டுக் குழு கேட்டதா? சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. அதை எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்ற எண்ணைக் கேட்டால் பல இடங்களில் பதிலே வராது.

ஒரு காலாண்டில் பதிவானவர்களை ஒரே கூட்டமாக வைத்து, அவர்கள் அத்தனை பேருக்கும் கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்க்கும் முறையை டான்சானியாவில் நடைமுறையில் செய்து காட்டியவர் கரேல் ஸ்டிப்ளோ என்ற டாக்டர். கோஹார்ட் என்று மீட்டிங்கில் சொல்கிறார்களே, அதுதான். அதை ஒழுங்காகச் செய்தால் இந்த வருடம் ஜனவரியில் இருந்து மார்ச் வரை பதிவானவர்களின் முடிவை அடுத்த வருடம்தான் முழுசாகச் சொல்ல முடியும். இந்த மாதம் எத்தனை பேர் முடித்தார்கள், இந்த மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று வகுத்துப் போடுகிற சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே மீட்டிங்குகளில் எனக்குக் கெட்ட பெயர்.

சரி, ஆஸ்பத்திரிக்குள் வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வராதவர்கள்? 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், டி.பி. அறிகுறி இருந்தவர்களில் கிட்டத்தட்ட 64 சதவீதம் பேர் எங்கேயுமே போய்க் காட்டவில்லை என்று தெரிந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால், கண்டுபிடித்தவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் தவறவிட்டிருப்போம் என்பதும் அதே கணக்கெடுப்பில்தான் வந்தது. அப்படியானால் ஒரு மருத்துவமனையை மதிப்பிடும்போது டி.பி. பிரிவுக்குள் மட்டும் போய்ப் பார்த்தால் போதாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க மாதாமாதம் வரிசையில் நிற்கிறார்களே, அவர்களிடம் இருமல் இருக்கிறதா, எடை குறைந்ததா என்று யாராவது கேட்கிறார்களா? சர்க்கரை இருப்பவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு அதிகம், நம் மாநிலத்தில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்கிறார்கள், அது நன்றாக நடக்கிறது. பொது மருத்துவ ஓ.பி.யில் ஒரு டாக்டர் ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கும்போது யாரிடம் எதைக் கேட்பார்? அவரைக் குறை சொல்லவில்லை, வரிசையில் ஒரு நர்ஸை நிறுத்தினால் அந்த வேலை நடக்கும்.

இலக்கு வைத்ததால் இன்னொரு கோளாறும் வந்திருக்கிறது. இத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்தால், எண்ணிக்கை வந்துவிடும். ஆனால் டப்பாவில் இருப்பது சளியா எச்சிலா என்று பார்க்க வேண்டும். எச்சிலை எத்தனை முறை சோதித்தாலும் கிருமி கிடைப்பது அரிது. காலையில் எழுந்ததும் ஆழமாக மூச்சை இழுத்து நெஞ்சில் இருந்து இருமித் துப்ப வேண்டும் என்று ஒருவர் நின்று சொல்லிக் கொடுத்தால் பாட்டிகூடச் சரியான சளி கொடுத்துவிடுவார். பரிசோதனை ஏறிக்கொண்டே போய் பாசிட்டிவ் மட்டும் ஏறாமல் நின்றால், நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட முடியாது. டி.பி. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் வந்தது, 2024 நவம்பரில் இருந்து அது 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நல்ல விஷயம். ஜார்க்கண்டில் டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளி வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு என்று மாதாமாதம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் ஆரம்பத்தில் நோயாளிக்கு எடை கூடினால் சாவு பெருமளவு குறைகிறது என்பதையும் அந்த ஆய்வில் காட்டினார்கள். அதனால் மதிப்பீட்டில் கேட்க வேண்டியது, மொத்தம் எத்தனை பேருக்குப் பணம் போனது என்பதை மட்டும் அல்ல. மாத்திரை ஆரம்பித்து எத்தனையாவது நாளில் முதல் பணம் போனது? சாவு நடப்பது முதல் இரண்டு மாதத்தில் என்னும்போது, மூன்றாவது மாதத்தில் வரும் பணம் யாருக்கு? வங்கிக் கணக்கில் பெயர் எழுத்துப் பிழை, ஆதார் இணைப்பு இல்லை, கணக்கே இல்லை என்ற காரணங்களால் நின்றுபோனவர்கள் யார்? அவர்கள்தான் பெரும்பாலும் ஆக ஏழைகள், அவர்களுக்குத்தான் அந்தப் பணம் முதலில் போக வேண்டும். இரண்டாவது மாதம் எடை போட்டுப் பார்த்தார்களா, கூடியிருக்கிறதா என்பதையும் கேட்கலாம். எடை மெஷின் எல்லா இடத்திலும் இருக்கிறது.

மருந்து இருப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-ன் தொடக்கத்தில் நாடு முழுக்க டி.பி. மாத்திரைத் தட்டுப்பாடு வந்தது, மாநிலங்கள் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசே சொல்ல வேண்டியதாயிற்று. கிடைத்ததைப் பங்கு போட்டு ஒரு வாரத்துக்கு, சில நாளுக்கு என்று கொடுத்தால், மாத்திரை வாங்கவே ஒருவர் மாதத்தில் பல தடவை வேலையை விட்டு வர வேண்டும். அப்படி வந்து வந்து ஒரு கட்டத்தில் நின்றுபோனவரை நாம் பதிவேட்டில், தொடர் சிகிச்சைக்கு வரவில்லை, என்று எழுதுகிறோம். தப்பு அவர்மேல் விழுகிறது. ஒரு நோயாளி விட்டுப்போனார் என்று எழுதுவதற்கு முன்னால், அந்தத் தேதியில் ஸ்டாக் எவ்வளவு இருந்தது என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லலாம்.

மருத்துவமனை ஊழியர்களும் யார் கணக்கிலும் வருவதில்லை. நர்ஸ்கள், லேப் ஆட்கள், வார்டைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள், பயிற்சி மருத்துவர்கள் எத்தனை பேருக்கு டி.பி. வந்தது என்று தனிப் பதிவு வைத்திருக்கிறார்களா? வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ, கல்யாணம் நின்றுவிடுமோ என்று மறைத்து மாத்திரை சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ஜன்னல்கள் திறக்கிற மாதிரி இருக்கிறதா, ஏ.சி. போட்டதற்காக ஆணி அடித்து மூடிவிட்டார்களா, சளி கொடுக்கும் இடம் வெட்டவெளியில் இருக்கிறதா இல்லை பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருட்டில் இருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்தாலே தெரிகிற விஷயங்கள் இவை. டி.பி. நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த தாம்பரம், பெருந்துறை சானடோரியங்களைக் கட்டியவர்களுக்குக் காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருந்தது. மருந்தே இல்லாத காலத்தில் கட்டிய கட்டடங்களில் இருந்த காற்று, இப்போது கட்டும் புது பிளாக்குகளில் இல்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பார்கள். நம் ஊரில் நடந்திருக்கிறது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்று ஒன்று தொடங்கினார்கள், அதுதான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு கொடுக்கும் சிகிச்சைக்கும், நெருக்கமான வீடுகளில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிடும் சிகிச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டிலேயே சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குணமானது என்று 1959-ல் உலகத்துக்கே சொன்னார்கள், அதை வைத்துத்தான் உலகம் முழுக்க சானடோரியங்களை மூடினார்கள். அந்த முடிவை மற்ற நாடுகள் நம்பியதற்குக் காரணம், அவர்கள் ஒருவரையும் கணக்கில் இருந்து விட்டுவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் வருகிறதா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிறகு செங்கல்பட்டுப் பகுதியில் லட்சக்கணக்கானவர்களை வைத்து பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது, யாருக்கும் பிடிக்காத அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கையில் இல்லாத காலத்தில், சைக்கிளில் போய்ச் செய்த வேலை அது.

ஆகவே எங்கள் மாவட்ட நிர்வாகத்திடமும் உங்கள் நாளிதழிடமும் எனக்குச் சில கோரிக்கைகள். மதிப்பீட்டுக் குழு வரும் தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். கண்காணிப்பாளர் அறையில் பவர்பாயின்ட் பார்ப்பதைச் சுருக்கிக்கொண்டு, அந்த நேரத்தில் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகட்டும், குறிப்பாக விட்டுப்போனவர்கள், இறந்தவர்கள் வீடுகளுக்கு. பெண்களிடம் பேச ஒரு பெண் பணியாளர் கூடப் போகட்டும். டி.பி. என்று தெரிந்ததும் அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்ட மருமகள்கள் மாமியார் முன்னால் எதுவும் பேச மாட்டார்கள். அறிக்கையைக் கோப்பில் வைக்காமல் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டட்டும். குறை தெரிந்தால் யார் மீதும் மெமோ பாயாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இது இல்லாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது. மெமோ வரும் என்று பயப்படுகிற ஊழியர் மூச்சு 18 என்றுதான் எழுதுவார்.

உங்கள் நிருபர் அடுத்த முறை அங்கே போகும்போது வெற்றி விகிதத்தோடு சேர்த்து இவற்றையும் கேட்டு எழுதட்டும்: லேப்பில் பாசிட்டிவ் வந்தவர்களில் மாத்திரை ஆரம்பிக்காதவர்கள் எத்தனை பேர், முதல் இரண்டு மாதத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர், சளி பார்த்து உறுதி செய்து குணமானவர்கள் எத்தனை பேர். காலாண்டுக்கு ஒரு முறை இந்த எண்களை நீங்கள் வெளியிட்டு வந்தால், முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் சில பேர் தயாராக இருக்கிறோம். அதோடு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்கள், எடை குறைந்துகொண்டே போகிறவர்கள், மாலையானால் காய்ச்சல் அடிக்கிறவர்கள் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம் என்பதையும் ஒரு கட்டம் போட்டுப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். அங்கே இன்னும் என்னோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.)